ஆற்றைக் காலி செய்யாத பாறைத் தோட்டம்

சொந்த வீடு கட்டி முடித்தவர்கள், வாசலுக்கும் மதிலுக்கும் இடையே எஞ்சிய சிறு நிலத்தில் பாறைத் தோட்டம் அமைக்கும் வழக்கம் நம் நகரங்களில் பெருகி வருகிறது. புல்தரையைவிட இதற்குத் தண்ணீர் குறைவாகத் தேவைப்படும், வேலையும் குறைவு, பார்வைக்கும் நன்றாக இருக்கும். இம்மூன்றும் உண்மையே. ஆயினும் இப்போது பரவலாக அமைக்கப்படும் முறையைக் கூர்ந்து நோக்கினால் இம்மூன்று பயன்களும் கைநழுவிப் போவதைக் காண்கிறோம். தரைமேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் லாரியில் வந்திறங்கிய வெள்ளைக் கூழாங்கற்கள், இடையிடையே தொட்டியிலிருந்து எடுத்து நட்ட நான்கைந்து கள்ளிகள். ஒப்பந்தக்காரர் இரண்டே நாளில் வேலையை முடித்துப் பணம் பெற்றுச் செல்கிறார். முதல் மழைக்காலத்தில் செடிகள் அழுகுகின்றன; இரண்டாம் ஆண்டில் கற்கள் பாசி படிந்து கறுக்கின்றன; மூன்றாம் ஆண்டில் அவ்விடம் இருசக்கர வாகனம் நிறுத்துமிடமாக மாறிவிடுகிறது.

பாறைத் தோட்டம் என்பது கடையில் வாங்கி வந்து வைக்கும் அலங்காரப் பொருள் என்னும் எண்ணமே இதற்குக் காரணம் என்று கருதுகிறோம். ஓர் ஆண்டுக் காலம் திட்டமிட்டு, வீட்டிலும் ஊரிலும் கிடைப்பதைக் கொண்டு படிப்படியாக உருவாக்கவேண்டிய ஒன்று அது. அவ்வாறு உருவாக்கினால் செலவு குறையும்; தோட்டமும் நிலைக்கும்; எங்கோ ஓர் ஆற்றின் படுகையும் பிழைக்கும்.

சண்டிகர் கற்பிக்கும் பாடம்

பாறைத் தோட்டம் என்றதும் இந்தியர் பலருக்கும் நினைவுக்கு வருவது சண்டிகர். அதனை உருவாக்கிய நேக் சந்த், நாட்டுப் பிரிவினையின்போது இன்றைய பாகிஸ்தானிலிருந்து வந்து சேர்ந்தவர். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராகப் பணியாற்றியவர். 1950-களின் இறுதியில், சுக்னா ஏரிக்கு அருகிலிருந்த காட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றில், எவரும் அறியாமல் தம் ஓய்வு நேரத்தில் பணியைத் தொடங்கினார். புதிய நகரம் எழுவதற்காக இடிக்கப்பட்ட ஊர்களின் எச்சங்களும் நகரம் கழித்துப்போட்ட பொருள்களுமே அவருக்கு மூலப்பொருள்கள்: உடைந்த வளையல்கள், ஓடுகள், பீங்கான் துண்டுகள், மின்கம்பிப் பொருத்துகள். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மறைவாக நடந்த அப்பணி 1970-களில் அதிகாரிகளின் கண்ணில் பட்டது. சட்டப்படி அதனை அகற்றியிருக்கலாம். மக்கள் ஆதரவால் அது காக்கப்பட்டு, 1976-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1984-இல் நேக் சந்துக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2015-இல் அவர் மறைந்தார்.

நேக் சந்தும் அருகிலிருந்த ஓடைகளிலிருந்து கற்களை எடுத்து வந்தவர்தாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். ஆம், எடுத்து வந்தார். மிதிவண்டியில் வைத்து, ஒன்றிரண்டாக, தமக்குப் பிடித்த உருவமுடைய கல்லைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தார். ஒரு மனிதர் மிதிவண்டியில் சுமந்ததையும், இயந்திரம் வாரி லாரியில் ஏற்றுவதையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. அவருடைய தோட்டத்தின் பெரும்பகுதி நகரம் வேண்டாமென ஒதுக்கியவற்றால் ஆனது என்பதே நமக்கு வேண்டிய பாடம். வீடு கட்டி முடித்தவர் எவரிடமும் உடைந்த செங்கல், மிஞ்சிய கடப்பைக்கல் துண்டு, அடித்தளம் தோண்டியபோது வெளிப்பட்ட பாறை, ஓட்டுச் சில்லு ஆகியவை இருக்கும். அவற்றைக் காசு கொடுத்து அப்புறப்படுத்திவிட்டு, வேறு கற்களைக் காசு கொடுத்து வாங்குகிறோம். இருமுறை செலவிடும் இவ்வழக்கத்தை எந்தக் குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கும் ஏற்காது.

கூழாங்கல்லின் விலை

ஆற்றுக் கூழாங்கல்லுக்கு நாம் கடையில் கொடுக்கும் விலையில் ஆறு இழப்பது அடங்குவதில்லை. படுகையில் கிடக்கும் கல்லும் சரளையும் வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்கின்றன. நீரை நிலத்தடிக்கு இறக்குகின்றன. கரையை அரிப்பிலிருந்து காக்கின்றன. இமயமலை ஆறுகளின் பெருமைக்குரிய மஹசீர் மீன் சரளை நிறைந்த படுகையில்தான் முட்டையிடுகிறது. படுகை ஆழமாகத் தோண்டப்பட்டால் அருகிலுள்ள கிணறுகளின் நீர்மட்டமும் கீழிறங்கும்.

இது வெறும் மனக்குறையன்று; நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்ற சிக்கல். ஹரியானா மாநிலத்தில் பாறை, சரளை, மணல் எடுப்பதற்கான ஏலம் தொடர்பாகத் தொடுக்கப்பட்ட தீபக் குமார் வழக்கில், 2012 பிப்ரவரியில் நீதிமன்றம் முக்கியமான ஆணையைப் பிறப்பித்தது. ஐந்து எக்டேருக்குக் குறைந்த சிறு பரப்புகளில் இத்தகைய சிறு கனிமங்களை எடுப்பதற்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்பதே அதன் சாரம். சிறு சிறு பரப்புகளாகப் பிரித்துக் காட்டி அனுமதியைத் தவிர்க்கும் வழி அதனால் அடைக்கப்பட்டது. சட்டம் இருக்கிறது; எனினும் வாங்குவோர் கேள்வி கேட்காதவரை சட்டத்தின் கை நீளாது. கல் விற்பவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: இது எந்த ஊரிலிருந்து வருகிறது? ஆற்றிலிருந்தா, குவாரியிலிருந்தா? எடுத்துச் செல்லும் அனுமதிச் சீட்டும் விற்பனை ரசீதும் உண்டா? ரசீதின்றி வாங்கும் பொருளில் சேமிப்பு இருப்பதாகத் தோன்றினாலும், அச்சேமிப்புக்கான விலையை வேறொருவர் செலுத்திக்கொண்டிருக்கிறார்.

பாறைத் தோட்டக் கலையின் வரலாறும் பழைய கல்லைப் பயன்படுத்துவதற்குச் சான்று பகர்கிறது. இலண்டனின் செல்சி மூலிகைத் தோட்டத்தில் 1773-இல் அமைக்கப்பட்ட பாறைத் தோட்டம் ஐரோப்பாவின் மிகப் பழைய பாறைத் தோட்டங்களுள் ஒன்று. இலண்டன் கோட்டையிலிருந்து கழிக்கப்பட்ட பழங்கற்களும், ஐஸ்லாந்திலிருந்து திரும்பிய கப்பலில் பாரமாக வந்த எரிமலைக் கற்களும் கொண்டு அது கட்டப்பட்டது. மிஞ்சியதைக் கொண்டு தொடங்குவது ஏழ்மையின் அடையாளமன்று. இக்கலையின் தொடக்கமே அதுதான்.

முதற்பணி கவனிப்பது

தோட்டம் அமைக்க விழைவோர் மண்வெட்டியைக் கையில் எடுக்கும் முன், சில மாதங்கள் நிலத்தைக் கவனிக்கவேண்டும் என்பது நம் பரிந்துரை. வெயில் எங்கு, எத்தனை மணி நேரம் விழுகிறது என்பதே முதற்கேள்வி. வட இந்தியாவில் வாழ்வோர்க்கு இது மிகவும் முக்கியம். சண்டிகரில் டிசம்பர் மாத நண்பகலில் சூரியன் ஏறத்தாழ 36 பாகை உயரம்தான் எழுகிறது; 6 மீட்டர் உயரமுள்ள வீட்டின் நிழல் வடக்கே 8 மீட்டர் வரை நீளும். கோடையில் வெயில் கொளுத்திய அதே வடபுறம் குளிர்காலம் முழுவதும் ஈரமும் நிழலுமாகக் கிடக்கும். அங்கு கள்ளி வைத்தால் அழுகும். பெரணி வைத்தால் தழைக்கும். மேற்குப் பக்கமோ கோடையின் பிற்பகல் வெயிலைத் தாங்கும் இடம். அங்குள்ள கல் பகலில் உறிஞ்சிய வெப்பத்தை இரவில் வெளிவிடும். எனவே மேற்கில் கற்களைச் சுவரையொட்டிக் குவிப்பதைத் தவிர்ப்பது நன்று.

இரண்டாம் கேள்வி மழைநீர். ஒரு கனத்த மழையின்போது குடையுடன் வெளியே நின்று, நீர் எவ்வழி ஓடுகிறது, எங்குத் தேங்குகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளவேண்டும். ஆங்கிலேயர் எழுதிய தோட்ட நூல்கள் குளிர்கால ஈரத்தை அஞ்சுகின்றன. நம் நாட்டில் அஞ்சவேண்டியது ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான பருவமழை. வறட்சியைத் தாங்கும் செடிகள் வறட்சியால் சாவதில்லை. வேரில் நின்ற நீரால் சாகின்றன. பிளாஸ்டிக் விரிப்பின்மேல் கல் பரப்பும் முறை தோற்பது இங்கேதான்.

ஆகவே காலக்கணக்கை இவ்வாறு வகுக்கலாம். மார்ச், ஏப்ரலில் வெயிலைக் கவனித்துத் தாளில் வரைபடம் போடவேண்டும். மே மாதத்தில் மண்ணும் கல்லும் சேர்த்து மேட்டை எழுப்பவேண்டும். பருவமழை முழுவதும் மேட்டைச் செடியின்றி விட்டுவிடவேண்டும். மண் அமரும், தளர்ந்த கல் அசைந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும், நீர் தேங்கும் குழிகள் வெளிப்படும். அவற்றைச் சரிசெய்து, மழை ஓய்ந்த செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ நடவேண்டும். வடகிழக்குப் பருவமழை பெறும் பகுதியினர் நடவை ஜனவரிக்குத் தள்ளிவைக்கலாம். இரண்டு நாளில் முடிக்கும் ஒப்பந்தக்காரரால் இந்த மழைச் சோதனையை நடத்தித் தர இயலாது.

கல்லும் மண்ணும்

கட்டும் முறையில் நான்கு நெறிகள் போதும். முதலாவது, ஒரே வகைக் கல்லையே பயன்படுத்துவது. கருங்கல், சுண்ணாம்புக்கல், மணற்கல் என்று கலந்தால் கண்காட்சிபோல் தோன்றும். இரண்டாவது, ஒவ்வொரு கல்லிலும் மூன்றில் ஒரு பங்கையேனும் மண்ணுள் புதைப்பது. மண்மேல் வெறுமனே வைத்த கல் உருளும். பூமியிலிருந்து எழுந்ததுபோலவும் தோன்றாது. மூன்றாவது, கல்லின் மேற்பரப்பு மேட்டின் உட்புறமாகச் சற்றே சாய்ந்திருப்பது. அப்போது மழைநீர் வழிந்தோடாமல் பின்னாலுள்ள வேர்களுக்குச் செல்லும். நான்காவது, கல்லில் வரிகள் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே திசையில் அமைப்பது. இயற்கைப் பாறையில் அப்படித்தான் இருக்கும்.

மேட்டின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு உடைந்த செங்கற்களைப் பரப்பினால் வடிகால் உறுதியாகும். அதன்மேல் தோட்டமண், பொடித்த செங்கல் அல்லது பருமணல், மக்கிய இலையுரம் ஆகிய மூன்றையும் சம பங்காகக் கலந்து இடலாம். நட்ட பின்னர் மேற்பரப்பில் இரண்டு மூன்று செ.மீ. அளவுக்குச் சிறு ஜல்லியைப் பரப்பினால் ஈரம் காக்கப்படும், களையும் குறையும்.

கருங்கல் ஒரு கன அடி ஏறத்தாழ 75 கிலோ எடையுள்ளது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். இரண்டு கன அடிக் கல்லைத் தூக்க ஒருவரை மட்டும் அமர்த்திச் சிக்கனம் பேசுவது, பிறர் முதுகெலும்பைச் செலவிடுவதற்கு ஒப்பாகும். கடப்பாரை, உருட்டுக் கட்டை, போதிய ஆட்கள், உரிய கூலி ஆகியவற்றுக்கே நிதியில் முதலிடம் தரவேண்டும்.

மொட்டை மாடியில் பாறைத் தோட்டம் அமைப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். ஆட்கள் ஏறிச் செல்லத்தக்க கூரைக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 கணக்கிடச் சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ. 30 செ.மீ. ஆழத்துக்கு இட்ட ஈரமண் மட்டுமே சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தொடும். கல்லின் எடை வேறு. வீட்டுக் கடனை இருபது ஆண்டுகள் திருப்பிச் செலுத்தும் குடும்பம், தன் கூரையை ஒரு தோட்டத்துக்காகப் பணயம் வைக்கலாகாது. கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்துமூலமான கருத்தின்றி மாடியில் கல் ஏற்றவே கூடாது என்பது நம் உறுதியான நிலைப்பாடு. ஆழமற்ற தட்டையான தொட்டிகள், எடை குறைந்த நிரப்புப் பொருள்கள், கையளவுக் கற்கள் ஆகியவற்றைக் கொண்டும் அழகாக அமைக்க முடியும்.

எந்தச் செடி?

பாறைத் தோட்டம் என்றால் சப்பாத்திக் கள்ளி என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. சப்பாத்திக் கள்ளியின் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்குரியது. நம் வறண்ட பாறை நிலங்களில் இயல்பாக வளர்வன வேறு. சதுரக்கள்ளி, பிரண்டை, கல்முளையான் ஆகியவை நம் கோடையையும் பருவமழையையும் நெடுங்காலமாக அறிந்தவை. இவற்றுடன் நம் வீடுகளில் பழகிப்போன சோற்றுக்கற்றாழை, மருள், கற்பூரவல்லி, ரணகள்ளி, எலுமிச்சைப்புல் ஆகியவற்றைச் சேர்த்தாலே தோட்டத்தின் முக்கால் பங்கு நிறைந்துவிடும். நிறத்துக்குப் பத்துமணிப் பூவும் நித்திய கல்யாணியும் உள்ளன. பாலைவன ரோஜாவை விரும்புவோர், குளிர் மிகுந்த ஊர்களில் அதனைத் தொட்டியோடு மண்ணில் இறக்கி வைக்கலாம். டிசம்பரில் தொட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டால் குளிரில் அழியாது.

இவற்றுள் பெரும்பாலானவை விலையின்றிக் கிடைப்பவை. அண்டை வீட்டாரிடம் ஒரு கிளையோ பக்கக் கன்றோ கேட்டால் தராதவர் எவரும் இலர். சதைப்பற்றுள்ள தண்டுகளை ஒடித்தவுடன் நட்டுவிடாமல், வெட்டுவாய் உலரும் வரை நான்கைந்து நாள் நிழலில் வைத்து, பின்பு நட்டு, மேலும் சில நாள் கழித்து நீர் ஊற்றினால் அழுகாமல் வேர்விடும்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் கடும் தீங்கு விளையும். பாலைவன ரோஜாவின் பாலும் நச்சுடையது. குழந்தைகள் ஓடியாடும் பாதையோரத்தில் இவற்றையும் முட்செடிகளையும் வைக்கலாகாது. அடுத்து, காட்டிலிருந்து செடியைப் பெயர்த்து வருவது அறவே கூடாது. மகாராஷ்டிரத்தின் சாதாரா அருகிலுள்ள காஸ் பீடபூமியைப் பாருங்கள். செம்புரைப் பாறைமேல் படிந்த மெல்லிய மண்ணில், மழைக்காலத்தின் பிற்பகுதியில் பல நூறு வகைப் பூக்கள் மலரும் இயற்கைப் பாறைத் தோட்டம் அது. 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளுள் அதுவும் ஒன்று. அங்கு ஒரு செடியைப் பிடுங்கினால் அதனோடு சிறிதளவு மண்ணும் பெயர்ந்து வரும். அம்மண் மீண்டும் உருவாகப் பல தலைமுறைகள் ஆகும். அதன் அமைப்பை நாம் கண்ணால் கற்றுக்கொண்டு வரலாம். செடிகளை நர்சரியில் வாங்கிக்கொள்வோம்.

தண்ணீர்க் கணக்கும் பணக் கணக்கும்

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். 20 சதுர மீட்டர் புல்தரைக்குக் கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் என்று குறைத்தே வைத்தாலும் 100 லிட்டர் வேண்டும். தொண்ணூறு நாள் கோடைக்கு 9,000 லிட்டர். வேர்பிடித்த கற்றாழையும் கள்ளியும் வாரம் ஒருமுறை அளவாக ஊற்றினாலே தாக்குப்பிடிக்கும். அவை இலைத்துளைகளைப் பகலில் மூடி, வெப்பம் தணிந்த இரவில் திறந்து காற்றை உட்கொள்கின்றன. அதனால் நீரிழப்பு மிகக் குறைவு. கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் நகரங்களில் இவ்வேறுபாடு சிறியதன்று.

பணத்தைப் பொறுத்தவரை, வங்கியொன்றின் இதழில் இதைச் சொல்வது சிலருக்கு வியப்பளிக்கலாம்: இதற்குக் கடன் வாங்கவேண்டாம், கடன் அட்டையையும் எடுக்கவேண்டாம். ஓராண்டுத் திட்டமாக இருப்பதால் செலவும் ஓராண்டில் பரவுகிறது. மார்ச்சில் ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கினால் நடவுக் காலத்தில் தொகை கையில் இருக்கும். அதுவரை ஆகும் செலவு பெரும்பாலும் கூலி மட்டுமே. வடிகால் முதலில், கூலி அடுத்து, மண்ணும் எருவும் மூன்றாவது, செடி இறுதியில் என்பதே செலவின் முறை. ஒப்பந்தக்காரர் தரும் மதிப்பீட்டில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கும்; கண்ணுக்குத் தெரியும் செடிக்கும் வெள்ளைக் கல்லுக்கும் மிகுதி, கண்ணுக்குத் தெரியாத வடிகாலுக்கு ஒன்றுமில்லை.

இரண்டு மறுப்புகள்

நேரமில்லாதவர் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. அலுவலகமும் பயணமுமாக வாழ்வோர் தாமே கல் சுமக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. தோட்ட வேலை பல்லாயிரம் பேருக்கு வாழ்வளிக்கும் தொழில். தேர்ந்த தோட்டக்காரரின் உதவியை நாடுவது நல்லதே. ஆனால் அவரை இரண்டு நாளுக்கு அமர்த்துவதற்கு மாறாக, ஆண்டில் ஐந்தாறு நாள்களாகப் பிரித்து அமர்த்தலாம். அவருக்கு உறுதியான வேலை. நமக்கு நிலைத்த தோட்டம்.

கல்லிடுக்கில் பாம்பு தங்கும் என்பது இரண்டாம் மறுப்பு. பெரியவர்கள் இதைச் சொல்லும்போது நகைத்து ஒதுக்குதல் தகாது. கற்களைப் பொந்துகளுடன் குவித்து வைத்தால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். மேற்சொன்னவாறு கல்லைப் புதைத்து, இடைவெளிகளை மண்ணால் இறுக நிரப்பி, செடி நட்டுவிட்டால் பொந்தே இராது. மேட்டை வாசற்படியிலிருந்து சற்றுத் தள்ளி அமைப்பதும் உதவும். குழிந்த கற்களில் மழைநீர் தேங்கினால் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும். எனவே குழியுள்ள கல்லைக் கவிழ்த்துப் புதைக்கவேண்டும், அல்லது குழியை மண்ணிட்டு நிரப்பவேண்டும்.

பெங்களூரு லால்பாக்கில் நகரின் நடுவே எழுந்து நிற்கும் பாறையின் வயது ஏறத்தாழ முந்நூறு கோடி ஆண்டுகள். தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாகக் காக்கப்படும் அப்பாறையில் மாலை வேளைகளில் குடும்பங்கள் குடும்பங்களாக மக்கள் அமர்ந்திருப்பதைக் காணலாம். நம் வீட்டு முற்றத்துக்கு நாம் கொண்டுவரும் சிறு கல்லுக்கும் அத்தகைய நெடிய வயது இருக்கக்கூடும். அதை எங்கிருந்து எடுக்கிறோம், எப்படி வைக்கிறோம் என்பதற்கு ஓராண்டுச் சிந்தனையைச் செலவிடுதல் மிகையாகாது. இவ்வாண்டு கோடை தொடங்கும் முன், வீட்டின் பின்புறம் குவிந்து கிடக்கும் உடைசல்களை அப்புறப்படுத்த வண்டி அழைப்போர், அவ்வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் அமருமாறு கேட்டுக்கொள்கிறோம்.